முத்துக் கட்டாத இடம்

கார்த்திகை 3, திங்கள்

ஆடியில் மேட்டூர் நிரம்பியது. ஆவணியில் முக்கொம்பு மதகு உடைந்தது. மலையாளத்துப் பக்கம் தெருவுக்குள் படகு விட்டார்கள். எங்கள் கடைமடைக்கு மட்டும் தண்ணீர் வந்து சேரவில்லை. ஐப்பசி கடைசி நாள் விடியுமுன் கஜா வந்து தென்னந்தோப்பு முழுவதையும் சாய்த்துவிட்டுப் போனது. அந்த விளம்பி வருஷம்தான் இது. எனக்குத் தெரிந்து இதற்கு முந்தி இப்படி அடித்தது நந்தன வருஷத்தில். அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்பா என்னை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவைத்தார். குதிருக்குள் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கேட்டதும் அதே சத்தம்தான். ஒளிய ஒரு குதிர்தான் இல்லை.

என் பெயர் வைரக்கண்ணு. எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் ரேணுகா. தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆள் வந்து என்றைக்கு என்ன போயிற்று என்று கேட்பார்களாம். அன்றாடம் எழுதிவைத்தால் நல்லது என்று அவள்தான் ஆரம்பித்தாள். நான் வாயில் வந்தபடி சொல்வதைப் புத்தகத் தமிழாக்கி எழுதி, படித்துக் காட்டுகிறாள்.

"யாராச்சும் பேசுனதச் சொன்னீங்கன்னா அத மட்டும் அப்புடியே எழுதிடுறேன் மாமா. அத மாத்துனா நல்லாருக்காது."

போனது இன்றுவரை: கூரை முழுக்க. ஆஸ்பெட்டாஸ் தகடு ஒன்றுகூட முழுசாக இல்லை. மில்லுக்காரர் சிங்காரவேலு தார்ப்பாய் கொடுத்தார், அரிசியும் கொடுத்தார். அவரிடம்தான் என் மகன் நீலமேகம் கார் ஓட்டுகிறான். அரிசியை முந்தாநாள் அந்தக் கறுப்புக் காரிலேயே கொண்டுவந்து இறக்கினான். புயலில் எல்லாருடைய வண்டியும் நசுங்கிக் கிடக்க, அந்தக் கார் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. மில் கொட்டகைக்குள் இருந்ததாம். கொடுத்துவைத்த கார்.

கார்த்திகை 4, செவ்வாய்

ஹாஜா பாய் வாட்டர் சர்வீஸ் கடையைத் திறந்துவிட்டார். கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஓடுகிறது. நிவாரணச் சாமான் கொண்டுவரும் வண்டிகள் சேறும் சகதியுமாக வரிசையில் நின்றன. ஒரு லாரிக்காரன் வம்புக்கு இழுத்தான்.

"என்ன பாய், ஒங்க பேரத்தான் புயலுக்கு வெச்சுட்டாங்களாமே?"

"அது கஜா. அது வந்தா வண்டி நாறும். நான் ஹாஜா. எங்கிட்ட வந்தாத்தான் வெளங்கும். எறங்குடா, மொதல்ல ஒன்னையக் கழுவணும்."

எல்லாரும் சிரித்தோம். புயலுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

என் வேலை கடைசி வேலை. முன்பெல்லாம் காருக்குப் பாலீஷ் போடுவது என்றால் மெழுகைத் தடவி, காயவிட்டு, தோள் கழன்றுபோகிற மாதிரி தேய்க்க வேண்டும். இப்போது ஸ்ப்ரே வந்துவிட்டது. வண்டியைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே நிழலில் நிறுத்தி, பீய்ச்சி, மெத்தென்ற துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் மறு துடை. முடிந்தது. கிழவனும் செய்யலாம். அதனால்தான் பாய் என்னை வைத்திருக்கிறார். பெயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தோல் படிந்துவிடும். பிறகு அதன் மேல் தண்ணீர் விழுந்தால் பரவாது, உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓடும். கடையில் அதை முத்துக் கட்டுவது என்போம். ஒரே ஒரு விஷயம், வெயிலில் மட்டும் அடிக்கக் கூடாது. சூடான தகட்டில் பட்ட உடனே காய்ந்து, திட்டுத் திட்டாக வெள்ளை பிடித்துவிடும். நீலமேகமும் இந்தக் கடையில் துணி பிடித்தவன்தான். அதன் பிறகுதான் டிரைவர் வேலைக்குப் போனான்.

மில்லுக்காரரின் கறுப்புக் காருக்குத் தீபாவளிக்கு நான்தான் ஸ்ப்ரே அடித்தேன். ஆறு மாசத்துக்கு அசையாது.

கார்த்திகை 5, புதன்

நீலமேகம் இன்று சாப்பிடவில்லை. சட்டையை அவனே துவைத்துப் போட்டான்.

கார்த்திகை 6, வியாழன்

காலையில் கடையில் இதே பேச்சு. நேற்றுப் பொழுது சாய்ந்த நேரத்தில் பாலத்தடி ஊர் முக்கத்தில் நிவாரண லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் ஒரு கார் ஏறிவிட்டது. தெருவிளக்கு எரியாத ஊர், ரோட்டோரம் நின்றது மூன்று பேர். உத்திராபதி அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் பெண்சாதியும் மைத்துனன் பக்கிரிசாமியும் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில். இடித்த கார் நிற்காமல் போய்விட்டதாம்.

"நின்னுதுங்கிறாங்களே," என்றார் டீ கொண்டுவந்தவர். "நின்னு, யாரோ எறங்கி, அப்புறந்தான் கெளம்புச்சுன்னு."

"எறங்கிப் பாத்துட்டுப் போனானா? அவன் மனுசனா?" என்றார் ஹாஜா பாய்.

உத்திராபதியை எனக்குத் தெரியும். தேங்காய் பறிப்பவர். இந்தப் பக்கத்தில் மரம் ஏறி விழாமல் வயசான ஒரே ஆள். மரமெல்லாம் விழுந்த பிறகு ரோட்டில் நின்று செத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நீலமேகம் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்தான், மறுபடி போட்டான், மறுபடி அவிழ்த்தான்.

கார்த்திகை 7, வெள்ளி

பெரிய கார்த்திகை. ரேணுகா வாசலில் விளக்கு வைத்தாள். காற்று எல்லாவற்றையும் அணைத்தது. அவள் திரும்பத் திரும்ப ஏற்றினாள். போதும் என்றேன். கேட்கவில்லை.

கார்த்திகை 8, சனி

மில் கார் வந்தது. கழுவினேன். வேறு ஒன்றும் இல்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

கடை விடுமுறை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள்.

கார்த்திகை 10, திங்கள்

சனிக்கிழமை எழுதச் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை. இன்று மத்தியானம் நீலமேகம் வேலைக்குப் போன பிறகு ரேணுகாவை உட்காரச் சொன்னேன். பேனாவை எடுக்காதே, முதலில் கேள் என்றேன். கேட்டு முடித்த பிறகு அவள்தான் பேனாவை எடுத்தாள்.

சனிக்கிழமை உச்சி நேரத்தில் மில்லுக்காரரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் ஸ்டேரிங் பிடித்து நான் பார்த்ததில்லை. இடது பக்க முன் பம்பர் நசுங்கி, ஒரு ஓரம் உடைந்துபோயிருந்தது. அதற்கு மேல் பானட்டின் இடது பாதி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"பொயல்ல தென்ன மட்ட விழுந்துச்சு பெரியவரே," என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. "அழுக்குப் போகலன்னு வீட்ல தேச்சாங்க. அப்புறம் இந்த ஸ்ப்ரே வாங்கி அடிச்சோம். சுலபம்னு போட்டிருந்தான். இப்புடி ஆயிப்போச்சு. நீங்க சரி பண்ணிருங்க. வண்டி முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்."

"சரிங்கய்யா."

தண்ணீர் பீய்ச்சுகிற பிரஷர் கன்னைப் பிடித்தேன். கூரையில், கதவில், டிக்கியில், பானட்டின் வலது பாதியில் தண்ணீர் முத்துக் கட்டி ஓடியது. இடது பாதியில் ஓடவில்லை. அப்படியே பரந்து, ஈரச் சாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியால் வெள்ளையைத் துடைத்தெடுத்தேன். அடியில் வட்டம் வட்டமாகக் கீறல். பாத்திரம் தேய்க்கிற நாரைப் பவுடரோடு போட்டுத் தேய்த்த கீறல். என்ன அழுக்கு அப்படித் தேய்க்க வைக்கும்?

புயலுக்கு மறுநாள் இந்தக் கார் என் வாசலில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. பார்த்தது நான்.

முதலில் வந்த பயம் என் பிள்ளையைப் பற்றித்தான். ஓட்டுகிறவன் அவன்தானே. அப்புறம் அந்த வெள்ளைத் திட்டைத் திரும்பப் பார்த்தேன். வெயிலில், காய்ந்த தகட்டில் அடித்தது அது. நீலமேகம் தூக்கத்தில்கூட அப்படி அடிக்க மாட்டான். தேய்த்தது அவன் இல்லை, அடித்ததும் அவன் இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு மூச்சு வந்தது. ஓட்டியது யார் என்பதை அந்தத் திட்டு சொல்லாது என்று அடுத்த நொடி தோன்றியது.

மில்லுக்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்றில் ஸ்ப்ரே. மற்றதில் கண்ணாடி துடைக்கிற பச்சைத் தண்ணீர். என் கை தண்ணீர் பாட்டிலை எடுத்தது. ஏன் எடுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த இடத்தை மூடிவிடக் கூடாது என்று மட்டும் இருந்தது. பீய்ச்சித் துடைத்தேன், மறுபடி பீய்ச்சித் துடைத்தேன். கறுப்பு பளபளவென்று வந்தது. அவர் கிட்டே வந்து முகம் பார்த்தார்.

"சபாஷ். ஒண்ணுமே தெரியலியே."

மழை பெய்தால் தெரியும். அதுவரைக்கும் தெரியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ரேணுகா உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். கட்டம் போட்ட சட்டை. முன்பக்கம் முழுக்கப் பழுப்பாகக் கறை நின்றது.

"அவுக தொவச்சதுல போவல மாமா. மறுநாள் நானும் எடுத்துத் தேச்சேன். யாருகிட்டயும் சொல்லல." அவள் குரல் எழும்பவே இல்லை. "நீங்களும் எனக்குச் சொல்லல. நானும் ஒங்களுக்குச் சொல்லல. ஒரே தார்ப்பாய்க்குக் கீழதான் கெடக்குறோம்."

கார்த்திகை 11, செவ்வாய்

நீலமேகமே இன்று வாயைத் திறந்தான். மில்லுக்காரர் கூப்பிட்டுப் பேசினாராம். முக்கத்தில் உடைந்து கிடந்த பம்பர்த் துண்டைப் போலீஸ் எடுத்துவிட்டது. என்ன கார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நீலமேகம் போய், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட வேண்டும். வக்கீல் ஜாமீன் எடுத்துவிடுவார். மில்லுக்காரர் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட்டில் கூரை போட்டுத் தருவாராம்.

"நீ ஓட்டுனியாடா?"

"ஓட்டுனா என்ன, ஓட்டலன்னா என்னப்பா."

"எனக்கு வேணும்டா அது."

"வேணாம். ஒங்களுக்குத் தெரிஞ்சா கேக்குறவன்கிட்ட சொல்லிருவீங்க. ஒங்களுக்கு எதுவும் மறக்காது. அதான் பயமே."

ரேணுகா சட்டையை அவன் முன்னால் போட்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். பெற்ற பிள்ளை கொலைகாரனா இல்லையா என்பது தெரியாமல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புயலில்கூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

கார்த்திகை 12, புதன்

கிழக்கே மேகம். ஊர் முழுக்கக் கூரை இல்லாமல் கிடக்கிறது, எல்லாரும் மழை வேண்டாம் என்று கும்பிடுகிறார்கள். நானும் கும்பிடுகிறேன். மில் காருக்காக.

கார்த்திகை 13, வியாழன்

மழை பெய்துவிட்டது.

தூறல்தான். நின்ற கொஞ்ச நேரத்திலேயே கறுப்புக் கார் கடைக்குள் வந்து நின்றது. இந்தத் தடவை ஓட்டிவந்தது நீலமேகம். பின் சீட்டிலிருந்து மில்லுக்காரரும் அவர் மகன் மதனும் இறங்கினார்கள். மதனுக்கு மீசை இப்போதுதான் முளைக்கிறது. அரைடவுசர், விலையான செருப்பு. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு காலை ஆட்டிக்கொண்டே நின்றான்.

கார் முழுக்க மழைத்துளி முத்து முத்தாக நின்றது. இடது பானட்டில் மட்டும் ஒரு முத்தும் இல்லை. தண்ணீர் அந்த இடத்தில் சப்பையாகக் கிடந்தது. அந்த நசுங்கலுக்கு மேல் எவ்வளவு பெரிய இடத்தைத் தேய்த்திருக்கிறார்கள் என்று ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். விளிம்பு கட்டி வரைந்த மாதிரி இருந்தது. ஒரு ஆள் படுக்கிற அகலம்.

"பெரியவரே," என்றார் மில்லுக்காரர் மெதுவாக. "அன்னைக்கு என்னத்த அடிச்சீங்க?"

"பாட்டில்ல இருந்தத அடிச்சேங்கய்யா."

"எந்தப் பாட்டிலு?"

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே. கைக்கு வந்தத எடுத்தேன்."

"நாப்பது வருசமா கார் தொடைக்கிறவருக்கு இன்னைக்குத்தான் எழுத்து தெரியாமப் போச்சா?" சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் கண் கலந்துகொள்ளவில்லை. "கூரை இல்லாத வீடு. வயசான உடம்பு. பாத்து இருங்க."

நீலமேகம் ஸ்டேரிங்கை விட்டு இறங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

ஹாஜா பாய்க்கு ஒன்றும் தெரியாது. கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்று பதறி அவரே ஓடி வந்தார். "மன்னிச்சுக்கங்க மொதலாளி, பெரியவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு," என்று சொல்லி, காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, நிஜ ஸ்ப்ரேயை எடுத்து அடித்துத் துடைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினார். எல்லா இடமும் ஒரே மாதிரி முத்துக் கட்டியது.

இவ்வளவு சுலபமாக எல்லாம் மூடிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. கூரைத் தகடு பறந்தபோது வராத பயம் அந்த முத்துகளைப் பார்த்தபோது வந்தது.

கார்த்திகை 14, வெள்ளி

ரேணுகாதான் சொன்னாள். "கார மூடிட்டாங்க. பாத்தவங்கள மூட முடியாதுல்ல. வாங்க மாமா, தஞ்சாவூருக்குப் போவோம்."

முடியும் என்பதுதான் என் பயம். சொல்லவில்லை. பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் சாய்ந்த தென்னை, வேரோடு.

பக்கிரிசாமி கண்ணாடி அறைக்குள் கிடந்தார். வாயில் குழாய். உள்ளே விடவில்லை. உத்திராபதியின் பெண்சாதி எலும்பு வார்டில் இருந்தது. காலில் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆப்பிள் பையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரன் என்றான் நர்ஸிடம். அவனை மில்லில் மூட்டை எடை போடுகிற இடத்தில் நான் பார்த்திருக்கிறேன். முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு நான் வராந்தாவிலேயே நின்றேன். அவன் டீ குடிக்கப் போனான். நாங்கள் உள்ளே போனோம்.

"யாரு நீங்க?" என்றது அது.

பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "ஒங்கள இடிச்ச காருக்கு டிரைவரு என் மவன் ஆயி," என்றேன். அது கத்தப் போகிறது, ஆள் கூடப் போகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தவில்லை. ரேணுகாவைப் பார்த்தது.

"கட்டம் போட்ட சட்டையா?"

ரேணுகா தலையை ஆட்டினாள்.

"அந்தத் தம்பி ஓட்டல. எடது கை பக்கத்துக் கதவத் தொறந்துக்கிட்டு ஓடியாந்துச்சு. என்னையத் தூக்கி ஓரமா கெடத்துச்சு. 'அக்கா கண்ண மூடாதீங்க, அக்கா கண்ண மூடாதீங்க'ன்னு அழுவுது. ஸ்டேரிங்ல இருந்தது ஒரு பொடிப்பய. கார் உள்ள லைட்டு எரிஞ்சுது, மொகம் நல்லாத் தெரிஞ்சுது. கீழ எறங்கவே இல்ல. 'ஏறுடா, ஏறுடா'ன்னு ஹாரன அடிச்சுக்கிட்டே இருந்தான்."

மூச்சு விட்டுக்கொண்டது.

"அந்தத் தம்பியும் ஏறிப் போயிருச்சு. எம் புருசன் அங்க கெடக்குறாரு, அவரு மூச்சு எனக்குக் கேக்குது, அது ஏறிப் போயிருச்சு. தூக்குனதையும் சொல்லுவேன். விட்டுட்டுப் போனதையும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன், பாத்துக்கங்க."

"சொல்லு ஆயி. ரெண்டையும் சொல்லு."

"யாருகிட்டச் சொல்றது? ஆப்பிளோட ஒருத்தன் ஒக்காந்திருக்கான். தெனம் வர்றான். 'இருட்டுல ஒண்ணும் தெரியலன்னு சொல்லு'ங்கிறான். நான் கண்ண மூடிக்கிட்டுக் கெடக்குறேன். பாத்தேன்னு இவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் கண்ணத் தொறக்கவே விடமாட்டான்." என் மணிக்கட்டைப் பிடித்தது. சுட்டது கை, காய்ச்சல். "ரகசியமாப் போயி யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ரகசியமாச் சொன்னா ரகசியமா முடிச்சிருவாங்க. நாலு பேரு இருக்குற எடத்துல, அவுகளும் இருக்குறப்ப, என் பேரச் சொல்லுங்க. அப்புறம் எனக்கு என்ன ஆனாலும் யாரு பண்ணுனதுன்னு ஊருக்குத் தெரியும்ல."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் வேறு கட்டிலுக்கு வந்தவர்கள் மாதிரி நகர்ந்தோம். ஆப்பிள்காரன் எங்களைத் தாண்டிப் போனான். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று திரும்பிப் பார்த்தான். நான் திரும்பவில்லை. ரேணுகா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கார்த்திகை 15, சனி

பக்கிரிசாமி காலையில் இறந்துவிட்டார். பாலத்தடிக்காரர் ஒருவர் கடையில் சொன்னார்.

நீலமேகத்திடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் சொன்ன இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னபோது தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மதன் தம்பி ஓட்டிப் பழகணும்னு கேட்டுச்சுப்பா. ரோடு காலியாத்தானே கெடக்குன்னு குடுத்தேன். நான் பக்கத்துலதான் இருந்தேன். பிரேக்கு, பிரேக்குன்னு கத்துனேன். அது ஆக்சிலேட்டர மிதிச்சுட்டுது." துண்டை வாயில் வைத்துக்கொண்டான். "ஏறுடான்னதும் ஏறிட்டேன். அரிசி குடுத்த மனுசன், தார்ப்பாய் குடுத்த மனுசன், அவரு புள்ளன்னு ஏறிட்டேன். டவர் இல்ல. எங்க டவர் கெடச்சுதோ அங்க எறங்கி நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுனேன். அதுக்குள்ள அவரு போயிட்டாரு."

"அப்ப ஏன்டா ஒத்துக்குற?"

"ஒத்துக்கலன்னா மட்டும்? நான்தான் ஓட்டுனேன்னு அவங்களே சாட்சியோட சொல்லுவாங்க. ஜாமீனும் கெடையாது, கூரையும் கெடையாது. திங்கக்கெழம வரச் சொல்லிருக்காங்க. விடுங்கப்பா. ஓரமாக் கெடத்திட்டு ஓடுனவன்தானே நான். உள்ள போயி இருக்குறேன்."

ரேணுகா இதை எழுதும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கூரை வேணாம்னு எழுதட்டுமா மாமா?" என்றாள். எழுது என்றேன்.

கூரை வேண்டாம்.

கார்த்திகை 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி நம்பருக்கு ஹாஜா பாய் போனிலிருந்து அடித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. டவர் வருகிறது, போகிறது. ஆப்பிள்காரன் திரும்பிப் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை.

கார்த்திகை 17, திங்கள்

இன்று நடந்ததைச் சொல்கிறேன். ரேணுகாவும் கூட இருந்தாள், ஆனாலும் நான் சொல்வதைத்தான் எழுதுகிறாள்.

போலீஸ் ஸ்டேஷனில் விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி புயல் வேலைக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். சின்ன வயசு. மேஜைக்கு முன்னால் மில்லுக்காரரும் வக்கீலும் நாற்காலியில். மதன் சுவரோரம் நின்றான். இன்றைக்கு முழுக்கால்சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். கான்ஸ்டபிள்கள், பாலத்தடியிலிருந்து வந்த ஆட்கள், ஊர்த் தலைவர் என்று அறையும் வாசலும் நிறைந்திருந்தன. நீலமேகம் நடுவில் கைகட்டி நின்றான். உள்ளே விட மாட்டேன் என்ற கான்ஸ்டபிளிடம், "டிரைவரோட அப்பாங்கய்யா, கிழவன், ஒரு ஓரமா நிக்கிறேன்," என்று கெஞ்சி உள்ளே போனேன்.

"வண்டிய யாருப்பா ஓட்டுனது?" என்றார் அதிகாரி.

நீலமேகம் தலையைத் தூக்கினான். உதடு பிரிந்தது.

"அவன் ஓட்டலிங்கய்யா," என்றேன்.

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. மில்லுக்காரர் திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது.

"பெத்த பாசம் சார்," என்றார் வக்கீல். "வயசானவரு. கண்ணும் சரியாத் தெரியாது, எழுத்தும் தெரியாது. வாட்டர் சர்வீஸ்ல பாட்டில் மாத்தி அடிக்கிற ஆளு."

யாரோ சிரித்தார்கள்.

"நீங்க பாத்தீங்களா பெரியவரே?" என்றார் அதிகாரி.

"நான் பாக்கலிங்கய்யா. பாத்தவங்க சொன்னாங்க."

"யாரு?"

மில்லுக்காரர் இப்போது திரும்பினார். கோபம் இல்லை அந்த முகத்தில். அரிசி கொடுத்த அன்று இருந்த அதே முகம். "பெரியவரே, யோசிச்சுப் பேசுங்க," என்றார். "நீங்க பேரச் சொல்றவங்களும் நாளைக்கு ஊருல இருக்கணும்ல."

அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை நான். வெள்ளிக்கிழமை பார்த்ததோடு சரி. அதற்கப்புறம் மூன்று பொழுது போய்விட்டது. போன் கிடைக்கவில்லை. அந்தக் கட்டிலில் இப்போது யார் படுத்திருக்கிறார்களோ. நான் பெயரைச் சொல்லி, இவர்கள் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி, போலீஸ் போவதற்குள் அவன் போய்விட்டால்? ஏற்கெனவே எல்லாம் முடிந்துபோய், நான் சொல்கிற பெயருக்கு ஆளே இல்லை என்று இவர்கள் சிரித்தால்? ரேணுகா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். தள்ளவில்லை, தடுக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் ஆள் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நின்றது. பாலத்தடிக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ரோட்டுல நின்னது மூணு பேருங்கய்யா," என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். "உத்திராபதி அங்கயே போயிட்டாரு. பக்கிரிசாமி முந்தாநேத்து போயிட்டாரு. ஓட்டுனவன் மொகத்தப் பாத்தவங்க ஒருத்தர் மிச்சம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு, சன்னலோரக் கட்டிலு."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"செம்பாயி," என்றேன். "உத்திராபதி பொஞ்சாதி செம்பாயி. உசுரோட இருக்கு."